குடியை நிறுத்தச் சொல்வதற்கு முன் வீட்டார் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

பத்துப் பதினைந்து வருடம் தினமும் குடித்தவர் "நாளையிலிருந்து தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தால் வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும். உடம்புக்கு ஆபத்து தொடங்குவது அந்த நாளையில்தான். பெரும்பாலான போதைப் பொருள்களை நிறுத்தும்போது படும் அவதி கொடுமையானது, ஆனால் உயிரை எடுப்பது அபூர்வம். மது அப்படியில்லை. பல வருடப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், கவனிக்காமல் விட்டால் இறந்தும் போகலாம். மாலை போட்டதால் நிறுத்தியவர், கோயிலில் கயிறு கட்டி நிறுத்தியவர், கால் உடைந்து மருத்துவமனையில் படுத்ததால் நின்றுபோனவர், காவல் நிலையத்தில் இரண்டு இரவு இருந்தவர் என எல்லோருக்கும் இது பொருந்தும். காரணம் எதுவாக இருந்தாலும் உடம்புக்குத் தெரிவது சாராயம் வரவில்லை என்பது மட்டுமே.

முதல் வேலை, எவ்வளவு குடிக்கிறார் என்று கணக்கெடுப்பது. "கொஞ்சம்தான்" என்பதை வைத்து மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாது. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் வகைகளில் பெரும்பாலானவற்றில் சாராயச் சத்து 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம் வரை வரும். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதோடு நான்கு கேள்விகளுக்கான பதிலையும் சேருங்கள். காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், சர்க்கரை, இதய நோய் உண்டா? அண்மையில் விழுந்து தலையில் அடிபட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். படுக்கை வசதியுள்ள மருத்துவமனைதான்.

அந்த ஏற்பாடு ஆகும்வரை, இப்படிக் கடுமையாகக் குடிப்பவரைத் திடீரென முழுதாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். இதைக் கேட்டால் பல அம்மாக்களும் மனைவிகளும் அதிர்ச்சியடைவார்கள். ஆனால் திங்கட்கிழமை படுக்கை கிடைக்கும் என்றால், சனிக்கிழமை பாட்டிலைப் பிடுங்கி உடைத்து ஞாயிறு இரவு வலிப்பில் தள்ளுவதைவிட, அந்த இரண்டு நாள் பொறுப்பது பாதுகாப்பானது.

நிறுத்திய பின் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது, சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மூன்றாவது, நான்காவது நாள்தான் மிக மோசம். ஆள் தெரியாது, இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையைப் பிடுங்குவார், செத்துப்போன அப்பாவிடம் பேசுவார். காய்ச்சலடிக்கும், நாடித் துடிப்பு எகிறும். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கொண்டுபோய் மணிக்கணக்கை இழக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு நாள் நன்றாக இருந்தாரே, இனி பயமில்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. ஐந்து நாள் முழுதாகக் கடக்கும்வரை கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

எலும்பு முறிவுக்கோ ஆபரேஷனுக்கோ சேர்த்தவர்களிடமும் இதுவே நடக்கிறது. கௌரவம் பார்த்துக் குடியை மறைக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு நோயாளி ட்ரிப் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறார், காரணம் வார்டில் யாருக்கும் புரிவதில்லை. எந்த நோய்க்குச் சேர்த்தாலும் முதல் நாளே டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சட்டைப் பட்டனைத் தளர்த்துங்கள், பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருளை நகர்த்துங்கள். கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் கரண்டி திணிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், மறுபடி வந்தாலும், நினைவு திரும்பாவிட்டாலும் 108. தானாக நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடிப்பவர்கள் அடிக்கடி விழுவதால் தலைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. பிதற்றல் தொடங்கிவிட்டால் கட்டிப்போடாதீர்கள், விளக்கை அணைக்காதீர்கள், "ஒரு கட்டிங் கொடுத்தா அடங்கிடுவாரு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரை நினைவில் இருப்பவருக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

இலேசான நிலையில் இருப்பவரை டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அப்போது வழக்கமாக எழுதப்படுவது குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம். முதல் இரண்டு நாள் அதிக அளவு, பிறகு தினமும் படிப்படியாகக் குறைத்து ஐந்திலிருந்து ஏழு நாளில், சிலருக்குப் பத்து நாளில், நிறுத்துவது முறை. கல்லீரல் கெட்டிருந்தால் இவை உடம்பில் தேங்கும் என்பதால் லோராசெபாம் கொடுப்பார்கள். மாத்திரை அட்டை வீட்டாரிடமே இருக்கட்டும், வேளைக்கு வேளை கையில் கொடுங்கள். இந்த மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். ஒரு வாரத்துக்கு எழுதியதை மாதக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கித் தொடர்ந்தால் ஒரு பழக்கம் போய் இன்னொரு பழக்கம் வரும்.

பலர் தவறவிடும் இன்னொரு மருந்து தயமின் எனப்படும் வைட்டமின் பி1. சோறு தின்னாமல் குடித்தே காலம் கழித்தவர் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பா இருக்கும்" என்று கேட்டு ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1 செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். குடிபோதை என்றே எல்லோரும் நினைப்பார்கள். அப்போதே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். ஆகவே குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போட வேண்டும். மாத்திரை போதாது, குடித்துக் கெட்ட குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. "தயமின் போட்டாச்சா டாக்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது சாப்பாட்டில் கலப்பது. சுவரொட்டியிலும் இணையத்திலும் "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்று விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்காது. டைசல்ஃபிராம் மாத்திரையை நுணுக்கிச் சாம்பாரில் கலப்பவர்களும் உண்டு. இந்த மருந்து மதுவைச் செரிக்கும் பாதையை அடைக்கிறது. அதன் மேல் குடித்தால் அரை மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்துவிடலாம். தெரிந்து போட்டுக்கொள்பவர் மதுவிலிருந்து விலகி நிற்பார், தெரியாமல் விழுங்கியவர் வழக்கம்போலக் கடைக்குப் போவார். டாக்டர் சொல்லி, அவரே சம்மதித்து, கல்லீரல் பரிசோதனை செய்து, கடைசி மதுவுக்கு 12 மணி நேரமாவது கழித்துத்தான் தொடங்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். சாராயம் கலந்த இருமல் டானிக்கும்கூட அப்போது ஆகாது. ரகசியமாகக் கலப்பதை நாங்கள் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்பதில்லை. உயிராபத்து ஒரு பக்கம். தட்டில் இருப்பதை நம்ப முடியாது என்று ஆனபின் அந்த மனிதர் வீட்டாரோடு சேர்ந்து சிகிச்சைக்கு வரவே மாட்டார்.

மறுவாழ்வு மையம் தேடும்போது கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்க்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதனால் இத்தகைய நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு எத்தனை நிமிடத்தில் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். "முதல் ஒரு மாசம் பார்க்க வரக் கூடாது, போனும் கிடையாது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியாரோடு பேசுவதும் பார்ப்பதும் நோயாளியின் சட்டப்படியான உரிமை. சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது, கட்டாய மொட்டையையும் அனுமதிப்பதில்லை.

"வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம்" என்று விளம்பரம் செய்யும் இடங்கள் இருக்கின்றன. நான்கு தடியர்கள் நள்ளிரவில் வந்து கையைக் கட்டி ஏற்றிப்போவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. தானே முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்கவும் வழிமுறை உண்டு. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்க உதவுபவர், விண்ணப்பிக்க வேண்டும், மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும், முதற்கட்டமாக 30 நாள்வரைதான் வைத்திருக்கலாம், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கும் இடத்தில் உங்கள் வீட்டு ஆள் குணமாவதைவிட அந்தப் பணமே முக்கியமாகிவிடும்.

நல்ல சிகிச்சை கிடைக்காது என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை நீண்டகாலமாக இந்தச் சிகிச்சையைச் செய்துவருகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்.

போதாத இடமும் இருக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனை அரசிடமே இருக்கிறது. விற்பனை தாலுகாவரை பரவிய அளவுக்குச் சிகிச்சையும் பரவ வேண்டும் என்று கேட்பது நியாயம். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் தயமின் ஊசி, குளோர்டயசெபாக்சைடு, பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், இரண்டு படுக்கை இருந்தால் பல உயிர்கள் தப்பும். கடையை மூடினால் மட்டும் போதும் என்பவர்கள் 2020 ஊரடங்கை நினைவில் கொள்ளட்டும். மாற்று ஏற்பாடு இல்லாமல் ஒரே நாளில் எல்லாக் கடைகளும் மூடின, நாட்டின் பல பகுதிகளில் நடுக்கத்தோடும் வலிப்போடும் ஆட்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தது, கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான். கடைகளைக் குறைப்பதை நாங்களும் ஆதரிக்கிறோம். சிகிச்சைப் படுக்கைகள் முன்னே போக வேண்டும், மூடல் பின்னே வர வேண்டும்.

ஐந்து நாள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு இனிமேல்தான் நீண்ட வேலை. முதல் மூன்று மாதம் மீண்டும் தொடும் வாய்ப்பு மிக அதிகம். ஆசையைக் குறைக்க மருந்து இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் தினமும் ஒன்று. டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவருக்கு இது ஆகாது, கல்லீரலையும் பார்க்க வேண்டும். அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. இது கல்லீரலைத் தொடாது, ஆனால் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். டாக்டர் சொன்னால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தொடர வேண்டியிருக்கும். பத்து நாளில் "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

கூடவே, எந்த நேரத்தில் மனம் கடைப்பக்கம் போகிறது என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். சம்பள நாள், சனிக்கிழமை சாயங்காலம், சாவு வீடு, கோயில் கொடை, பழைய கூட்டாளியின் போன். வேலை முடிந்து வரும் வழியில் கடை இருந்தால் வேறு வழியாக வரட்டும். சம்பளம் கையில் வராமல் வங்கிக் கணக்கில் வருவதற்கு அவர் சம்மதத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். கல்யாணத்துக்குப் போனால் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடலாம். மாலை ஆறு மணிக்குப் பசி வரும்போதுதான் பலருக்கு ஆசை கிளம்பும், அப்போது இரண்டு இட்லியோ சுண்டலோ சாப்பிட்டுவிட்டால் பாதி தணியும். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே குடியை விட்ட ஒருவர் இரவு பத்து மணிக்கும் போனை எடுப்பார் என்பது எந்த மருந்தும் தராத பலம்.

மீறிக் குடித்துவிட்டு வந்தால் அன்று இரவு ஒன்றும் பேச வேண்டாம். சாப்பாடு போட்டுப் படுக்க விடுங்கள், அடிக்க வந்தால் பிள்ளைகளோடு அடுத்த வீட்டுக்குப் போய் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். மறுநாள் காலை, வசை இல்லாமல், "எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு" என்று மட்டும் கேட்டு ஆலோசகருக்கு அன்றே தெரியப்படுத்துங்கள். ஒரு நாள் தவறினால் பொதுவாக ஆசையைக் குறைக்கும் மருந்தைத் தொடர்ந்தே மீளலாம், முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நான்கைந்து நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி வீட்டில் திடீரென நிறுத்தாதீர்கள். முதலில் எழுதிய அதே தாளில் புதிய அளவையும் கடைசியாகக் குடித்த நேரத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.