ஃபியூச்சர்ஸ் தரகரிடம் உள்ள உங்கள் பணம்: பாதுகாப்பைச் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்க ஃபியூச்சர்ஸ் (எதிர்காலத் தேதியில் பொருளை வாங்க, விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) சந்தையில் கணக்கு வைத்திருப்பவர்கள் விலை எந்தப் பக்கம் போனால் எவ்வளவு நஷ்டம் வரும் என்பதை நாள்தோறும் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் மார்ஜினாக, அதாவது நஷ்டத்துக்கு ஈடாக முன்கூட்டியே, கட்டிய பணம் தரகரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. 2011 அக்டோபர் 31 அன்று எம்.எஃப். குளோபல் என்ற தரகு நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, வாடிக்கையாளர் பணத்தில் ஏறத்தாழ 160 கோடி டாலர் குறைவது தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பெரெக்ரின் ஃபைனான்ஷியல் குரூப் என்ற மற்றொரு தரகு நிறுவனம் விழுந்தபோது 20 கோடி டாலருக்கு மேல் காணாமல் போயிருந்தது. இரண்டு நிறுவனங்களிலும் வாடிக்கையாளர்களின் பணம் முடங்கியதற்கு அவர்களுடைய வணிகத் தவறு காரணமல்ல. கீழே சொல்லியிருக்கும் சோதனைகளைக் கணக்குத் தொடங்கும் முன்பும், அதன் பிறகு மாதம் ஒருமுறையும் செய்து வந்தால், அத்தகைய ஆபத்தை முழுவதும் நீக்க முடியாவிட்டாலும் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். 1936ஆம் ஆண்டின் பண்டப் பரிவர்த்தனைச் சட்டப்படி, தரகர் வாடிக்கையாளர் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் பிரித்து வைக்க வேண்டும். அதைத் தன் செலவுக்கோ, ஒரு வாடிக்கையாளரின் பற்றாக்குறையை மற்றொருவர் பணத்தால் ஈடுகட்டவோ பயன்படுத்தக் கூடாது. ஆனால் பிரித்து வைத்த பணம் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருப்பதில்லை. எல்லா வாடிக்கையாளர்களின் பணமும் ஒரே தொகுப்பாக இருக்கிறது, விதிகள் அனுமதிக்கும் முதலீடுகளில் தரகர் அதைப் போட்டு வைக்கவும் செய்யலாம். தரகர் திவாலாகும் நாளில் அந்தத் தொகுப்பில் நூறு டாலருக்குத் தொண்ணூறு டாலர்தான் இருக்கிறது என்றால், எல்லோருக்கும் அதே விகிதத்தில்தான் கிடைக்கும். மார்ஜினுக்காக நீங்கள் கொடுத்து வைத்த கருவூலப் பத்திரமும் (அமெரிக்க அரசின் கடன் பத்திரம்) இந்தப் பங்கீட்டுக்கு உட்பட்டதே. பங்குக் கணக்குகளுக்கு 5 லட்சம் டாலர் வரை எஸ்.ஐ.பி.சி. என்னும் முதலீட்டாளர் பாதுகாப்பு அமைப்பு தரும் பாதுகாப்பு ஃபியூச்சர்ஸ் கணக்குக்குக் கிடையாது. வங்கி வைப்புக் காப்பீட்டைப் போல உங்களுக்கு நேரடியாக ஈடு தரும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. இதை அறியாமல் பெருந்தொகையைத் தரகரிடம் தூங்க விடுவதுதான் மிகப் பெரிய பிழை என்பது என் கருத்து.

அடுத்து, உங்கள் பணம் உண்மையில் யாரிடம் போகிறது என்று பாருங்கள். உங்களோடு தொலைபேசியில் பேசுபவர் வாடிக்கையாளரைச் சேர்த்துவிடும் அறிமுகத் தரகராக மட்டும் இருக்கலாம். அப்படியானால் பணத்தை வைத்திருப்பது எஃப்.சி.எம். எனப்படும் வேறொரு நிறுவனம். காசோலையும் வங்கிப் பரிமாற்றமும் அந்த எஃப்.சி.எம். பெயருக்கே போக வேண்டும், வேறு எந்தப் பெயருக்கும் போகக் கூடாது. தரகர்களைக் கண்காணிக்கும் ஃபியூச்சர்ஸ் துறையின் சுய ஒழுங்குமுறை அமைப்பான என்.எஃப்.ஏ.வின் பேசிக் என்னும் இணையத் தேடலில் அந்தப் பெயரைக் கொடுத்தால் பதிவு நிலையும், இதுவரை எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கும். ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கும் நிறுவனப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், ஏனெனில் ஒரே குழுமத்தின் கீழ் பல நிறுவனங்கள் இருக்கும். 2005இல் ரெஃப்கோ குழுமம் விழுந்தபோது, ஒழுங்குமுறைக்கு உட்பட்ட அதன் ஃபியூச்சர்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் வேறு தரகருக்கு மாற்றப்பட்டார்கள். அதே குழுமத்தின் ஒழுங்குமுறைக்கு வெளியிலிருந்த கிளையில் பணம் வைத்திருந்தவர்கள் திவால் நீதிமன்றத்தில் காத்திருக்க நேர்ந்தது.

சரியான நிறுவனத்தில்தான் பணம் இருக்கிறது என்றாலும், எந்த வகைக் கணக்கில் இருக்கிறது என்ற கேள்வி மீதமிருக்கிறது. அமெரிக்கச் சந்தைகளில் நடக்கும் வணிகத்துக்கான பணம், வெளிநாட்டுச் சந்தைகளில் நடக்கும் வணிகத்துக்கான பணம், தீர்வகம் (வணிகங்களுக்கு இடையில் நின்று கணக்குத் தீர்க்கும் நிறுவனம்) வழியான ஸ்வாப் (இரு தரப்பு பணவரவுகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) வணிகத்துக்கான பணம் ஆகியவை தனித்தனித் தொகுப்புகள். ஒன்றின் குறையை மற்றொன்றில் உள்ளவர்கள் சுமப்பதில்லை. இவற்றில் வெளிநாட்டு வணிகத் தொகுப்பில் கூடுதல் சிக்கல் உண்டு, ஏனெனில் பணத்தின் ஒரு பகுதி வேறொரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு அங்கே இருக்கும். எம்.எஃப். குளோபலின் லண்டன் நிறுவனத்தில் இருந்த இத்தகைய பணம் யாருக்குச் சேரும் என்பதில் இரு நாட்டு நிர்வாகிகளுக்கும் இடையே நீண்ட வழக்கு நடந்தது. சில்லறை அந்நியச் செலாவணி வணிகத்துக்குக் கொடுத்த பணத்துக்கோ இந்தப் பிரித்து வைக்கும் பாதுகாப்பே இல்லை. தரகர் விழுந்தால் அவருக்குக் கடன் கொடுத்த சாதாரண மக்களின் வரிசையில்தான் நீங்கள் நிற்பீர்கள். தினசரி அறிக்கையில் இருப்பு எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு வணிகமோ செலாவணி வணிகமோ செய்யாத நாட்களில், அந்தத் தலைப்புகளில் இருக்கும் பணத்தை உள்நாட்டுத் தொகுப்புக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

தரகரின் நிதி நிலையைப் பார்ப்பதற்கு, ஒழுங்குமுறை ஆணையமான சி.எஃப்.டி.சி. மாதந்தோறும் தன் தளத்தில் வெளியிடும் அட்டவணையே சிறந்த கருவி. எல்லா எஃப்.சி.எம்.களும் அதில் வரிசையாக இருக்கும். உங்கள் தரகரின் வரியில் மூன்று எண்களை எடுங்கள்: வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய தொகை, பிரித்து வைத்த கணக்கில் உண்மையில் இருக்கும் தொகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உதாரணத்துக்கு, தர வேண்டியது 400 கோடி டாலர், இருப்பது 424 கோடி டாலர் என்றால், 24 கோடி டாலர் தரகர் தன் சொந்தப் பணத்திலிருந்து போட்டு வைத்த உபரி. ஏதாவது ஒரு வாடிக்கையாளர் பெரிய நஷ்டத்தைக் கட்டாமல் போனால் முதலில் கரைவது இந்த உபரிதான், ஆகையால் அது 6 சதவீதமாக இருப்பதற்கும் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. தரகர் தனக்கு நிர்ணயித்துக்கொண்ட உபரி இலக்கும் அதே வரியில் இருக்கும். இருக்கும் உபரி அந்த இலக்கை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலதனப் பகுதியில், சட்டம் கேட்கும் அளவுக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதத்து எண்ணைவிட ஆறு மாதப் போக்கு அதிகம் சொல்லும்: வாடிக்கையாளர் பணம் ஏறிக்கொண்டிருக்கையில் உபரி மூலதனம் இறங்கிக்கொண்டே வந்தால் காரணம் கேட்க வேண்டும். என்.எஃப்.ஏ. தளத்தில், பிரித்து வைத்த பணம் வங்கி இருப்பாக எவ்வளவு, கருவூலப் பத்திரமாக எவ்வளவு என்ற விவரமும் கிடைக்கும்.

இந்த எண்கள் தரகர் கொடுத்தவை என்பதையும், வெளியாகும்போதே சில வாரங்கள் பழையவை என்பதையும் மறக்கக் கூடாது. பெரெக்ரின் நிறுவனத்தின் தலைவர் ரஸ்ஸல் வாசன்டார்ஃப், வங்கி அறிக்கைகளைக் கணினியில் போலியாகத் தயாரித்தார். இருப்பை உறுதிப்படுத்தக் கோரித் தணிக்கையாளர்கள் வங்கிக்கு அனுப்பிய கடிதங்கள், அவரே திறந்து வைத்திருந்த அஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பதிலையும் அவரே எழுதினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடந்த இந்த மோசடி, வங்கியிடமிருந்து மின்னணு வழியில் நேரடியாக உறுதிப்படுத்தும் முறையை என்.எஃப்.ஏ. வற்புறுத்தியபோதுதான் வெளிப்பட்டது. அவருக்கு 2013இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இன்று கண்காணிப்பாளர்கள் வங்கி இருப்புகளை நேரடியாகச் சரிபார்ப்பதால் அதே வழியில் ஏமாற்றுவது மிகக் கடினம். ஆயினும் ஒரு படிப்பினையை நாம் எடுத்துக்கொள்ளலாம்: அத்தனை பெரிய நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்தது ஒரே ஒருவர் நடத்திய சிறு அலுவலகம். உங்கள் தரகரின் தணிக்கையாளர் யார், நிறுவனத்தின் அளவுக்கு அவர்கள் ஏற்றவர்களா என்று பாருங்கள்.

தரகர் தன் பணத்தை வைத்து வேறு என்ன செய்கிறார் என்பதும் முக்கியம். எம்.எஃப். குளோபல் விழுந்ததற்கு வேர், ஐரோப்பிய நாடுகளின் கடன் பத்திரங்களில் அது எடுத்திருந்த ஏறத்தாழ 630 கோடி டாலர் நிலை. நெருக்கடி முற்றியபோது வாடிக்கையாளர் பணம் நிறுவனத்தின் தேவைக்குப் போனது. ஒவ்வொரு எஃப்.சி.எம்.மும் தன் தொழில்கள், ஆபத்துகள், வாடிக்கையாளர் பணத்தை வைக்கும் வங்கிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பன பற்றி ஓர் ஆவணம் வெளியிட வேண்டும் என்பது 2013இல் வந்த விதி. அதைப் படிக்க ஒரு மாலைப் பொழுது போதும். சொந்தக் கணக்கில் வணிகம் செய்யாத, வாடிக்கையாளர் கட்டணத்தை மட்டும் நம்பியிருக்கும் நிறுவனத்தை நான் விரும்புவேன். சக வாடிக்கையாளர்களும் ஓர் ஆபத்தே: 1985இல் நியூயார்க்கின் வால்யூம் இன்வெஸ்டர்ஸ் நிறுவனத்தில் தங்க ஆப்ஷனில் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) மூன்று பேர் மார்ஜின் கட்டத் தவறியதால் நிறுவனமே மூழ்கியது, மற்ற வாடிக்கையாளர்களின் பணமும் சிக்கிக்கொண்டது.

எல்லாச் சோதனைகளுக்கும் மேலான பாதுகாப்பு, தரகரிடம் குறைவாக வைத்திருப்பது. திறந்திருக்கும் நிலைகளுக்கான (இன்னும் முடிக்காத ஒப்பந்தங்களுக்கான) மார்ஜின், அதற்கு மேல் ஒரு மோசமான வாரத்தைத் தாங்கும் அளவு, இவ்வளவு போதும். மீதியை உங்கள் வங்கியிலோ, உங்கள் பெயரில் நேரடியாக வாங்கிய கருவூலப் பத்திரத்திலோ வையுங்கள். மிகவும் இறுக்கிப் பிடித்தால், கூடுதல் பணம் கேட்டு மார்ஜின் அழைப்பு வரும் நாளில் பணம் வந்து சேருமுன் தரகர் உங்கள் நிலையை மூடிவிடுவார் என்பதால், பரிமாற்றத்துக்கு ஆகும் நாட்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தொகை பெரிதானால் இரண்டு எஃப்.சி.எம்.களில் பிரிக்கலாம். அவ்வப்போது ஒரு சிறு தொகையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எம்.எஃப். குளோபலின் கடைசி நாட்களில் வங்கிப் பரிமாற்றம் கேட்ட சிலருக்குக் காசோலை அனுப்பப்பட்டது, அவற்றில் சில பணமாகாமல் திரும்பின. வழக்கமான முறையில் வர வேண்டிய பணம் காரணமின்றித் தாமதித்தாலோ வேறு வடிவில் வந்தாலோ, விளக்கத்துக்குக் காத்திராமல் மீதியையும் எடுக்கக் கோரிக்கை கொடுங்கள்.

தினசரி அறிக்கையைத் தரகரின் தளத்திலேயே விட்டுவிடாமல் உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். நிறுவனம் மூடப்பட்டால் அந்தத் தளம் திறக்கும் என்பதற்கு உறுதியில்லை. திவால் ஏற்பட்டால் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை அமர்த்தும், வாடிக்கையாளர்களின் நிலைகளைப் பணத்தின் ஒரு பகுதியோடு வேறு தரகருக்கு மாற்ற முயற்சி நடக்கும். உங்களுக்கு வர வேண்டிய தொகைக்கான உரிமைகோரல் படிவத்தைக் கடைசித் தேதிக்கு முன்பே, கடைசி அறிக்கையின் நகலுடன் தாக்கல் செய்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். எம்.எஃப். குளோபல் வாடிக்கையாளர்களுக்கு 2014க்குள் முழுத்தொகையும் திரும்பக் கிடைத்தது, ஆனால் இடைப்பட்ட காலத்தில் பணத் தேவையால் தங்கள் உரிமையை முதலீட்டு நிறுவனங்களுக்குக் கழிவு விலையில் விற்றவர்களும் இருந்தார்கள். அப்படி விற்கும்படி உங்களிடம் யாராவது வந்தால், பொறுப்பாளர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அறிக்கைகளைப் படித்து, எவ்வளவு மீட்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பதில் சொல்லுங்கள்.