பொடோனியைப் பொடி எழுத்தில் வைக்காதீர்கள்

புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் போன வாரம் ஒரு விசிட்டிங் கார்டு வடிவமைத்துக் காட்டினார். பெயர் பெரிதாக, பொடோனி ஃபாண்டில்; தடித்த தூண்களும் மயிரிழை போன்ற மெல்லிய கோடுகளும் கொண்ட ஆங்கில எழுத்து வடிவம் அது. அவ்வளவு அழகு. ஆனால் முகவரியையும் அதே பொடோனியில், 7 பாயிண்டில், கறுப்பின் மேல் வெள்ளையாக வைத்திருந்தார். எனக்குப் பகீரென்றது. நான் பல வருடங்களுக்கு முன் செய்த அதே தவறு. எழுத்துப்பிழை, கோணல் மார்ஜின் எல்லாம் ப்ரூஃபில், அதாவது சோதனை அச்சில், தானாகக் கண்ணில் படும். நான் சொல்லப்போவது அப்படிப் படாதவற்றை.

பெரிய எழுத்துக்கான வடிவத்தைச் சிறிய எழுத்தில் வைப்பது

அப்போது ஒரு நகைக்கடைக்கு 2,000 கேட்லாக் செய்தேன். உள்பக்கங்களில் 9 பாயிண்ட் பொடோனி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அந்தக் கறுப்பு நான்கு வண்ணமும் கலந்தது; ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி பிளேட். செலவைக் குறைக்க மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள். அச்சாகி வந்ததும் பிரித்துப் பார்த்தால், ஆங்கில ‘H’ எழுத்தின் குறுக்குக்கோட்டைக் காணோம். இரண்டு தூண் மட்டும் நிற்கிறது. ‘e’ எல்லாம் ‘c’ ஆகியிருந்தது. மறு அச்சுக்குப் பாதிப் பணம் என் கையிலிருந்து போனது.

கணக்கு எளிது. 72 பாயிண்டில் 1 பாயிண்ட் தடிமன் உள்ள மயிரிழைக் கோடு, 9 பாயிண்டில் எட்டில் ஒரு பங்காகிறது. அதாவது சுமார் 0.04 மி.மீ. நான்கு பிளேட்டில் ஒன்று 0.1 மி.மீ. நகர்ந்தாலே அந்தக் கோட்டை மை மூடிவிடும். போதாததற்கு மேப்லித்தோ மையை உறிஞ்சிப் பரப்பும். இன்றும் எனக்கு எரிச்சல் தருவது என்னவென்றால், கணினியில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ‘சரியாகத்தானே இருக்கிறது’ என்று நானே ஓகே சொன்னேன்.

இந்த எழுத்தை உருவாக்கிய பொடோனி, இத்தாலியின் பார்மா நகரில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக அச்சு வெட்டினார். நாம்தான் ஒரே கோப்பை எல்லா அளவுக்கும் இழுக்கிறோம். 1994இல் ஐடிசி என்ற ஃபாண்ட் நிறுவனம் வெளியிட்ட ஐடிசி பொடோனியில் 6, 12, 72 பாயிண்டுக்கு வெவ்வேறு வடிவங்கள் உண்டு; சிறியதில் மெல்லிய கோடு தடித்திருக்கும். அப்படி ஒன்று கையில் இல்லையென்றால் சிறிய எழுத்துக்கு வேறு ஃபாண்ட் எடுங்கள். வெள்ளை எழுத்துதான் வேண்டுமென்றால் பின்னணியைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அடியுங்கள். அப்புறம், அச்சாகப்போகும் அதே தாளில், அதே அளவில் ஒரு ப்ரூஃப் கேளுங்கள்.

செயற்கை போல்டு

தனி போல்டு ஃபாண்ட் இல்லாமல் மென்பொருளே எழுத்தைத் தடிக்கவைப்பதுதான் இது. வேண்டவே வேண்டாம். மயிரிழையும் சேர்ந்து தடித்துவிடும்.

எழுத்து இடைவெளி

தலைப்பில் நெருக்குங்கள், சிறிய அளவில் தளர்த்துங்கள்.

தமிழோடு சேர்ப்பது

நம் தமிழ் ஃபாண்டுகளில் பெரும்பாலானவை ஒரே சீரான தடிமன் கொண்டவை. பொடோனி பக்கத்தில் வைத்தால் ஆங்கிலம் கறுத்துப் பளிச்சென்று நிற்க, தமிழ் வெளிறிப்போகும். பாயிண்ட் அளவை ஒன்றாக வைத்தால் போதாது. இரண்டையும் அச்சடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தமிழின் தடிமனை ஒரு படி ஏற்றுங்கள். அந்தத் தம்பியின் கார்டில் தமிழ்ப் பெயரை அப்படித்தான் சரிசெய்தோம்.