செவ்வாயில் வான் ஆய்வகம்: கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர் குடியேறிவிட்ட பிற்காலச் செவ்வாயில் ஒரு வான் ஆய்வகத்தை வைத்துக் கதை எழுதவோ, அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யவோ முனையும் நம் கரையோர மாணவர்கள் பெரும்பாலும் கட்டடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் ஆய்வகத்தின் அமைப்பை முடிவு செய்பவை அந்த இடத்தின் வானமும் காற்றும்தான். அவற்றை அறியாமல் எழுதினால் பெயர் மட்டும் செவ்வாயாகவும் மற்றதெல்லாம் பாம்பனாகவும் ஆகிவிடும்.

அடிக்கடி காணும் தவறு புயல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, புழுதிப்புயல் என்றதும் கூரை பிய்ந்து பறப்பதாக எழுதத் தோன்றுவது இயல்பே. செவ்வாயின் காற்றழுத்தமோ நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் தள்ளுவிசை, நம் கடற்கரையில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றுக்குத்தான் ஈடாகும். உண்மையான ஆபத்து தூசியில் இருக்கிறது. 2004 முதல் செவ்வாயில் சூரிய ஒளியைக் கொண்டு இயங்கிவந்த ஆப்பர்சூனிட்டி என்னும் ஆய்வு ஊர்தி 2018 ஜூனில் ஓய்ந்துபோனதற்குக் காரணம், கோளையே மூடிய புழுதி சூரிய ஒளியை மறைத்ததுதான். மிக நுண்ணிய அத்துகள்கள் மின்னூட்டத்தால் எதிலும் ஒட்டிக்கொள்ளும். இங்கே தொலைநோக்கிக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சை உப்புக்காற்றும் ஈரமும் அரிக்கின்றன. அங்கே அந்தக் கவலை இல்லை என்றாலும், படிந்த தூசியைத் துணியால் துடைத்தால் பூச்சு கீறிப்போகும். ஆகவே உங்கள் வானியலாளர் குவிமாடத்தை வாரக்கணக்கில் மூடிவைத்துக் காத்திருக்கட்டும். கூரை உடைவதைவிட அந்தக் காத்திருப்பில்தான் கதைக்கு வேண்டிய தவிப்பு இருக்கிறது.

அடுத்தது துருவ நட்சத்திரம். இராமேசுவரத்திலிருந்து பார்த்தால் அது வடகடல் பக்கம் தொடுவானத்துக்கு மேலே சுமார் 9 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. விண்மீன்கள் வெகுதொலைவில் இருப்பதால், செவ்வாயிலும் நாம் அறிந்த அதே விண்மீன் கூட்டங்கள்தான் தெரியும். அவற்றை மாற்றி எழுதுவது பிழை. கோளின் அச்சு வேறு திசையை நோக்குவதால் வானம் சுழலும் மையம் மட்டும் மாறிவிடும். செவ்வாயின் வட வான்துருவம் தெனெப், அல்டராமின் ஆகிய விண்மீன்களுக்கு நடுவே அமைகிறது. தொலைநோக்கியைத் தாங்கும் அச்சை அங்கே குறிவைக்க வேண்டும். விண்மீன்களைப் பின்தொடரும் மோட்டார் இங்கே 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. பூமியிலிருந்து கொண்டுபோன கருவியை அப்படியே ஓடவிட்டால் படம் கோடுகோடாக இழுபடும், ஏனெனில் அங்கே ஒரு சுற்றுக்கு 24 மணி 37 நிமிடம் ஆகும். இத்தகைய ஒரு விவரம் பத்துப் பக்க வருணனையைவிட வாசகருக்கு நம்பிக்கை தரும் என்பது என் கருத்து.

நோக்குவதற்காக அமாவாசை இருட்டைத் தேடுவதும் அங்கே பொருந்தாது. போபோஸ், டீமோஸ் என்னும் இரண்டு நிலவுகளும் சிறியவை, மங்கலானவை. பெரியதான போபோஸ் எட்டு மணி நேரத்துக்குள் கோளைச் சுற்றிவிடுவதால் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். போபோஸ் கிழக்கில் எழுந்தது என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த ஆய்வகம் எதற்காக இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது. பூமியிலிருந்து காணவே முடியாத ஒன்றை அது காண வேண்டும். 2084 நவம்பர் 10 அன்று செவ்வாயிலிருந்து பார்ப்பவருக்குச் சூரியனின் முகப்பில் பூமி ஒரு கரும்புள்ளியாகக் கடந்துபோகும். அந்த நிகழ்வைக் கதையின் மையமாக்கலாம். அப்போதும் இங்கே மண்டபம் ஊரிலிருக்கும் தங்கையுடன் செவ்வாயிலுள்ள அண்ணன் உடனுக்குடன் பேசுவதாக எழுத வேண்டாம்: இரு கோள்களுக்கும் இடையே செய்தி ஒருவழி சென்றுசேர, தொலைவைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். பூமி இடையில் வரும் அந்நாளில் தொலைவு குறைவு என்றாலும், “தெரியுதா அண்ணே?” என்று அவள் கேட்டதற்குப் பதில் வரச் சில நிமிடங்கள் ஆகவே செய்யும்.