போடிமெட்டு ஏறும் முன்: மலைக் கணவாய்க்குச் சைக்கிள் பயணம் திட்டமிடுவது எப்படி?

தேனிப் பக்கத்தில் மலையேறி மறுபுறம் இறங்கும் கணவாயை ‘மெட்டு’ என்பார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறிக் கேரள எல்லையைத் தொடும் போடிமெட்டுதான் நான் சைக்கிளில் ஏறிய முதல் கணவாய். உண்மையைச் சொன்னால், முதல் முறை ஏறி முடிக்கவில்லை.

அன்று நான் போட்ட கணக்கு ஒரே வரிதான்: 26 கி.மீ. தூரம், நான் மணிக்கு 20 கி.மீ. போகிறவன், ஒன்றரை மணி நேரம் போதும். காலை எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினேன். பதினொன்றரை மணிக்குப் பாதி மலையில், தண்ணீர் தீர்ந்து, சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். தொடைத் தசை இழுத்துக்கொண்டு காலை மடக்க முடியவில்லை. மேலிருந்து வந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி, தன் பாட்டிலை நீட்டினார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி இறங்கினேன். கால் வலு குறைவு என்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் போனதுதான் காரணம். அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். போடிமெட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்; வேறு எந்த மலைக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: சராசரியை நம்பாமல் மலையைக் கிலோமீட்டர் வாரியாக நறுக்குங்கள்

நூறு மீட்டர் தூரம் போகும்போது ஐந்து மீட்டர் உயரம் ஏறினால் அது 5 சதவீத ஏற்றம். போடி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர், போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். 26 கி.மீ.யில் 1,050 மீட்டர் ஏறுகிறோம். வகுத்தால் 4 சதவீதம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், மலையடிவாரத்தில் இருக்கும் முந்தல் வரை முதல் 6 கி.மீ. பெரிய ஏற்றமில்லாத சாலை. அதைக் கழித்துவிட்டால் மீதி 20 கி.மீ.யில் கிட்டத்தட்ட 1,000 மீட்டர். அதாவது 5 சதவீதம். அந்த ஐந்துக்குள்ளும் மூன்று ஒளிந்திருக்கும், எட்டு ஒளிந்திருக்கும். நம்மைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடுவது எட்டுதான்.

எனவே ஸ்ட்ராவா, கோமூட், ரைடு வித் ஜிபிஎஸ் போன்ற வழி வரையும் செயலிகளில் ஏதாவது ஒன்றில் சாலையை வரைந்துகொண்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் உயரம் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களைக் கழியுங்கள். ஒரு கிலோமீட்டரில் 60 மீட்டர் ஏறினால் 6 சதவீதம், 85 மீட்டர் ஏறினால் 8.5 சதவீதம். பத்தால் வகுத்தால் போதும். 7 சதவீதத்துக்கு மேல் வரும் கிலோமீட்டர்களுக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். இருபது எண்களையும் கையால் எழுதும்போதே மலை மனத்தில் பதிந்துவிடுகிறது. செயலி காட்டும் படத்தை மட்டும் பார்ப்பதில் அது கிடைக்காது.

இந்தப் படத்தில் சில இடங்களில் 25, 30 சதவீதம் என்று முள் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். பல செயலிகள் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000-ஆம் ஆண்டு எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் 11 நாள்களில் எடுக்கப்பட்டது. அது நிலத்தைச் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. மலைச்சாலையோ சரிவை வெட்டிப் போட்டது; ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். கோடு பக்கவாட்டில் இருபது மீட்டர் விலகினாலும் உயரம் பத்துப் பதினைந்து மீட்டர் எகிறிவிடும். லாரியும் பஸ்ஸும் போகும் தேசிய நெடுஞ்சாலையில் நூறு மீட்டருக்கு 30 சதவீதம் என்று காட்டினால் அது தரவின் பிழை. ஒரு கிலோமீட்டர் சராசரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வளைவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தும் மிரள வேண்டாம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. சாலையை இப்படி மடித்து மடித்துப் போடுவதே ஏற்றத்தைக் குறைப்பதற்காகத்தான். வளைவே இல்லாமல் நேராக நிமிரும் குறுஞ்சாலைகள்தான் காலை ஒடிக்கும்.

படி 2: செயலி காட்டும் வழி சாலைதானா என்று பாருங்கள்

இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். போடியிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு கோடு போவதைச் சில வரைபடங்களில் காணலாம். தூரம் குறைவாகத் தெரியும். அது காட்டுக்குள் போகும் நடைபாதை. 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் மலையேற்றக்காரர்கள் பலர் உயிரிழந்தது அந்தக் குரங்கணி மலையில்தான். வனத்துறை அனுமதியில்லாமல் எந்தக் காட்டுப் பாதையிலும் சைக்கிளை இறக்காதீர்கள். செயலியில் ‘தார்ச்சாலை மட்டும்’ என்று அமைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தை வைத்து வழி முழுவதையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

படி 3: உங்கள் கியர் ஏறுமா?

சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பற்களை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களை, பின்னால் இருக்கும் மிகப் பெரியதன் பற்களால் வகுக்க வேண்டும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் விடை 1. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம். புதிதாக ஏறுகிறவர் மணிக்கணக்கில் தாங்கக்கூடிய வேகம் இது.

முன்னால் 34, பின்னால் 28 என்றால் விடை 1.2. அதே 60 சுற்றுக்கு மணிக்கு 9 கி.மீ. போயாக வேண்டும். அந்த வேகம் முடியாதபோது சுற்று குறையும், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் பாரம் சுமக்கும். என் முதல் பயணத்தில் இருந்தது இந்த கியர்தான். இப்போது பின்னால் பெரிய பல்சக்கரத் தொகுதி மாற்றியிருக்கிறேன். விலை கூடிய புது சைக்கிளைவிட இந்த மாற்றம் எனக்கு அதிகம் உதவியது. விடை 1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போடிமெட்டுக்குத் தைரியமாகப் போகலாம்.

படி 4: நேரம், தண்ணீர், காற்று

இப்போது கணக்கைச் சேர்ப்போம். காலை 6 மணிக்குப் போடியில் கிளம்பினால் 6:25-க்கு முந்தல். அங்கிருந்து 20 கி.மீ., மணிக்கு ஏழரை வீதம் 2 மணி 40 நிமிடம். ஓய்வுக்கு 40 நிமிடம் சேர்த்தால் 9:45-க்கு மேலே இருக்க வேண்டும். இந்த நேரத்தை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதுங்கள்: திரும்பும் நேரம். நான் 11 மணி என்று வைத்திருக்கிறேன். மேலே இன்னும் இரண்டே வளைவுதான் என்றாலும் 11 மணிக்குச் சைக்கிளைத் திருப்பிவிட வேண்டும். இதை முந்தின இரவே முடிவு செய்யுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை.

ஏறும்போது மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர் தேவைப்படும். மூன்றரை மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டில் டீக்கடை உண்டு; நடுவழியில் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். வேர்வை அதிகம் போகிறவர்கள் ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்துகொள்ளலாம். கடலைமிட்டாய், வாழைப்பழம் போதும். பசித்த பிறகு சாப்பிடாமல், முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

மாதங்களில் சனவரியும் பிப்ரவரியும் நல்லவை. ஆடிக் காற்று வீசும் காலத்தில் மேற்கிலிருந்து கணவாய் வழியாக இறங்கும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். 5 சதவீதம் 7 போலத் தோன்றும். வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சாலையில் பாறைகள் உருண்டு போக்குவரத்து நிறுத்தப்படுவது வழக்கம். மழைக்காலத்தில் முந்தின நாள் போடியில் யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 5: சாலையில் வேறு யார் போகிறார்கள்?

போடி ஏலக்காய் ஊர். அதிகாலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். மாலையில் அதே வேகத்தில் இறங்கும். காலையில் அவை உங்களுக்குப் பின்னாலிருந்து வருகின்றன. ஒலி கேட்டதும் இடதுபுறம் ஒதுங்கினால் போதும். மாலையில் எல்லோருக்கும் வீடு போகும் அவசரம். அந்த நேரத்தில் மலையில் இல்லாதபடி திட்டமிடுவதே நல்லது.

கொண்டை ஊசி வளைவில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனாலும் பஸ் திரும்பும்போது வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். வளைவின் உள்விளிம்புதான் மிகச் செங்குத்தானது. வண்டி எதுவும் வராதபோது சற்று வெளிப்புறமாகச் சுற்றினால் கால் மிச்சமாகும். மேலே பனிமூட்டம் இருந்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், பகலானாலும்.

படி 6: இறக்கத்தையும் திட்டமிடுங்கள்

மெட்டைத் தொட்டதும் பூப்பாறைப் பக்கம் சாலை இறங்குவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். அதற்கும் அப்பால் ஆனையிறங்கல், சின்னக்கானல் பகுதிகள் காட்டு யானைகள் நடமாடும் இடம். முதல் பயணத்துக்கு மெட்டோடு திரும்பிவிடுங்கள். மூணாறு இன்னொரு நாள்.

ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குளிரும். வேர்த்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாது. ஒரு மெல்லிய மேல்சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டீக்கடையில் ஒரு செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் பிரேக் கட்டையின் கோடுகள் தேயாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். ரப்பர் கருகும் வாசனை வந்தால் ரிம் சூடாகிவிட்டது என்று பொருள்; நிறுத்தி ஆறவிடுங்கள். நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும்.

படி 7: தாளை ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள்

எழுதிய கிலோமீட்டர்க் கணக்கை இரண்டு விரல் அகலச் சீட்டாகச் சுருக்கி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டி, ஹேண்டில்பாரின் நடுவில் கட்டிவிடுங்கள். மலையில் கைபேசி சிக்னல் போகும், திரையில் வேர்வை சொட்டும். சீட்டு அப்படியே இருக்கும். என்னுடையதில் கி.மீ., ஏற்றம், சேர வேண்டிய நேரம் என மூன்றே பத்திகள். சிவப்புக் கோடு போட்ட கிலோமீட்டர் வருவதற்கு முன்பே ஒரு வாய் தண்ணீர் குடித்து, கியரை இறக்கிவிடுவேன்.

பையில் ஒரு மாற்று டியூப், பஞ்சர் பட்டை, பம்பு. வீட்டில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். இறங்கி முந்தலுக்கு வந்ததும், அங்கேயே நின்று சீட்டைப் பிரித்து, ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தைப் பேனாவால் எழுதுங்கள். கம்பம்மெட்டுக்குக் கணக்குப் போடும்போது அந்த எண்கள்தான் தேவைப்படும்.