அவன் சொன்ன சொல்லை விழுங்காதீர்கள்

செப்டம்பர் நெருங்கினால் போதும், கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் இங்கிலாந்துக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். பதினொரு ஆண்டுகள் கிழக்கு லண்டனில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். எந்தக் குளிருக்கு எந்தச் சட்டை, பெட்டியில் எத்தனை கிலோ தொதல் வைக்கலாம் என்றுதான் கேட்பார்கள். சட்டையை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இ-விசா கணக்கைக் கிளம்பும் முன்பே திறந்து பாருங்கள். இறங்கிய வாரமே குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியுங்கள். வேலைக்குத் தேசியக் காப்பீட்டு எண் வாங்குங்கள். உங்கள் விசா அனுமதிக்கும் மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதீர்கள். இதையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லித் தருவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. என் மனைவியின் தம்பிக்கு நடந்தது. அதில் என் பிழையும் உண்டு என்பதால் நானே எழுதுகிறேன்.

அவன் அங்கே வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. நவம்பர் மாதம், இரவு பத்து மணிக்குக் கடை வேலை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறான். ஒருவன் அருகில் வந்து, அவன் தொப்பியைத் தட்டிவிட்டு, முகத்தில் துப்பி, தோளில் ஓங்கிக் குத்திவிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கு வந்து தொப்பியைக் குழாயடியில் பிடித்தபடி அவன் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. “மச்சான், அவன் என்னிடம் பாக்கி, பாக்கி என்றான். நான் யாருக்கும் பாக்கி வைக்கவில்லையே?”

நம் ஊரில் பாக்கி என்றால் கடைக் கணக்கு. அங்கே அது நம்மைப் போன்ற நிறத்தவர்களை இழிவுபடுத்தும் சொல். பாகிஸ்தான்காரர் என்பதைச் சுருக்கி வசையாக்கியது. இந்தியர், வங்கதேசத்தவர், இலங்கையர் என்று பார்க்காமல் எல்லோர் மீதும் அதை வீசுவார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் அதன் பொருளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஏதோ குடிகாரன், விடு” என்றேன்.

ஆனாலும் புகார் கொடுத்திருந்தோம். இரண்டு நாள் கழித்து வாக்குமூலம் வாங்க ஓர் இளம் பெண் போலீஸ் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். மைத்துனனுக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக வராது, நான்தான் இடையில் இருந்து சொன்னேன். “அவன் சரியாக என்ன சொன்னான்?” என்று இரண்டு முறை கேட்டார். அந்தச் சொல்லோடு அவன் சேர்த்துச் சொன்ன அசிங்கமும் இருந்தது. ஒரு பெண்ணின் முன்னால் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் மைத்துனனுக்கும் பொருள் புரிந்துவிடும். “கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான்” என்று முடித்துவிட்டேன். அவர் அதையே எழுதிக்கொண்டார். பையன் கையெழுத்துப் போட்டான்.

வழக்கு அந்த இடத்தில்தான் செத்தது. எங்களுக்கு அது பல மாதம் தெரியவில்லை. நம் ஊர்ப் பழக்கமே எங்களை ஏமாற்றிவிட்டது.

நம் மாவட்டத்தில் சாதிக் கொடுமைக்குப் போடும் பி.சி.ஆர். வழக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை முதல் தகவல் அறிக்கையில் ஏற்றவைப்பதுதான் இங்கே பெரும்பாடு. ஏற்றிவிட்டால் பாதி வென்றதாக நினைப்போம். இங்கிலாந்தில் பதிவு செய்வது எளிது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாராவதோ இது வெறுப்பால் நடந்தது என்று கருதினாலே போலீஸ் அதை வெறுப்புக் குற்றம் என்று பதிந்துகொள்ளும். அந்த நிலையைச் சும்மா கொண்டுவரவில்லை. 1993 ஏப்ரல் 22ஆம் தேதி இரவு ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞனை தென்கிழக்கு லண்டனில் ஒரு பஸ் நிறுத்தத்தருகே குத்திக் கொன்றார்கள். போலீஸ் அந்த வழக்கைக் கையாண்ட விதத்தை விசாரித்த மேக்பர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவர் கருதுவதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னது அதுதான். கொலைக்காக இருவருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஜனவரி ஆயிற்று.

எங்கள் புகாரும் எண்ணோடு வெறுப்புக் குற்றம் என்றுதான் பதிவாகியிருந்தது. நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். அது பாதிக் கிணறு தாண்டியதுதான். நீதிமன்றத்துக்குப் போக வேறு அளவுகோல் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, குற்றம் செய்யும்போதோ, அதற்கு உடனடி முன்போ, உடனே பின்போ இனத்தின் மீதோ மதத்தின் மீதோ பகையைக் காட்டியிருக்க வேண்டும். அல்லது முழுதாகவோ ஓரளவோ அந்தப் பகையே குற்றத்தைத் தூண்டியிருக்க வேண்டும். வரிசையில் முந்தினான், இடித்துவிட்டான் என்று அவனுக்கு வேறு கோபம் இருந்திருந்தாலும் பரவாயில்லை, பகையை வெளிக்காட்டினால் போதும். ஆனால் காட்டினான் என்பதற்குச் சாட்சி வேண்டும். பெரும்பாலும் அந்தச் சாட்சி அவன் வாயிலிருந்து வந்த சொல்தான்.

அந்த ஒரு சொல்லால் என்ன மாறும் என்று பாருங்கள். சாதாரணத் தாக்குதலுக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. அதே அடி இனப் பகையோடு விழுந்தால் இரண்டு ஆண்டு வரை. சாதாரணத் தாக்குதல் என்றால் ஆறு மாதத்துக்குள் வழக்கைத் தொடங்கியாக வேண்டும். இனப் பகையோடு என்றால் அந்தக் கெடு இல்லை. எங்களை அடித்தவனைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. கேமராவில் துப்பியதும் குத்தியதும் தெளிவாக இருந்தன, ஒலி இல்லை. வாக்குமூலத்திலோ “கெட்ட வார்த்தை”. அப்போதுதான் நான் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். இத்தனை மாதம் கழித்துச் சேர்த்த பேச்சை எதிர்த்தரப்பு கிழித்துப் போட்டுவிடும் என்றார்கள். பகைக்கு ஆதாரம் போதாது, வெறும் தாக்குதலுக்கோ கெடு முடிந்துவிட்டது. கோப்பை மூடிவிட்டார்கள்.

அதனால் கேளுங்கள். நடந்த இரவே, தூங்கும் முன், அவன் சொன்னதை அவன் சொன்ன மொழியில், சொன்ன வரிசையில், அசிங்கத்தோடு எழுதி வையுங்கள். பொருள் தெரியாவிட்டால் ஒலியையாவது தமிழில் எழுதுங்கள். “உன் நாட்டுக்குப் போ” என்பதை வெறும் பேச்சென்று விடாதீர்கள். வெளிநாட்டார் என்று திட்டிய ஒரு வழக்கில், அதுவும் இனப் பகைதான் என்று 2007இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. போலீஸை அழைக்க, ஆபத்து இருந்தால் 999, இல்லையென்றால் 101. சொந்தக்காரரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அண்ணனும் மச்சானும் மாமாவும் உங்கள் மேல் உள்ள பிரியத்தாலேயே சொல்லை மென்மையாக்கிவிடுவார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாராம். மைத்துனனுக்குக் கைக்குட்டை கொடுத்தது அவர்தான். அவருடைய தொலைபேசி எண்ணை நாங்கள் வாங்கவில்லை. நீங்கள் வாங்குங்கள். வழக்குப் போடுவதில்லை என்று முடிவு வந்தால், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. புகார் கொடுத்தால் விசா போய்விடுமோ என்று பயந்து வாய்மூடிக் கிடக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முறையான விசா வைத்திருப்பவரின் விசா அடிவாங்கியதைச் சொன்னதற்காகப் போகாது.

அங்குள்ள தண்டனை விதிப்புச் சட்டம் இனத்தோடும் மதத்தோடும் நிற்கவில்லை. மாற்றுத்திறன், பாலினநாட்டம், திருநர் அடையாளம் ஆகியவற்றின் மீதான பகையையும் தண்டனையைக் கூட்டும் காரணமாக நீதிமன்றம் கொள்ள வேண்டும், அதை மன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். கிளாஸ்கோ, எடின்பரோ போகிறவர்களுக்கு ஸ்காட்லாந்தின் தனிச் சட்டம், 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

மைத்துனன் போன நோன்புக்கு ஊருக்கு வந்திருந்தான். கடைத்தெருவில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு நின்றோம். “பாக்கி இந்தாருங்கள், தம்பி” என்று கடைக்காரர் சில்லறையை நீட்டினார். இவன் கை பாதியில் நின்றுவிட்டது. இப்போது அவனுக்குப் பொருள் தெரியும். நான் சொல்லவில்லை, அங்கே வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வாரம் விமானம் ஏறும் பிள்ளைகள் இருவரை நேற்றுத் திண்ணையில் உட்காரவைத்து, அந்த வசையை முழுதாக, ஒரு போலீஸ்காரம்மா எதிரில் இருப்பதாக நினைத்து வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒருவன் சொல்லிவிட்டான். மற்றவன் உள்ளே என் மனைவி இருக்கிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனை இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.