உருபைப் பார்க்காமல் உறவைப் பாருங்கள்: ஆங்கில முன்னிடைச்சொற்களைப் பயன்படுத்தும் முறை

மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் ‘இன்’, ‘ஒன்’, ‘அட்’ போன்ற சிறு சொற்களே அதிகம் தடுமாறுகின்றன. தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபு செய்யும் வேலையை, ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனித்து நிற்கும் முன்னிடைச்சொல் செய்கிறது. முன், பின் என்ற இட மாற்றம் விரைவில் பழகிவிடும். ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் இருப்பதுதான் உண்மையான சிக்கல். எனவே உருபை அப்படியே பெயர்க்காமல், அவ்விடத்தில் அது எந்த உறவைக் காட்டுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘இல்’ என்ற உருபையே எடுத்துக்கொள்வோம். வாவியில் மீன் இருக்கிறது என்னும்போது நீர் மீனைச் சூழ்ந்திருப்பதால் ‘இன் த லகூன்’ என்கிறோம். கல்லடிப் பாலத்தில் நடக்கிறோம் என்னும்போது பாலம் காலுக்குக் கீழே பரப்பாக இருப்பதால் ‘ஒன் த பிரிட்ஜ்’ என்கிறோம். அதே பாலத்தடியில் மாலையில் சந்திப்போம் என்றால் பாலம் வெறும் அடையாளப் புள்ளியாகிவிடுவதால் ‘அட் த பிரிட்ஜ்’ என்பதே பொருந்தும். பாசிக்குடாவுக்குப் போனவர் கடலில் குளித்தால் ‘இன் த சீ’, மணலில் படுத்திருந்தால் ‘ஒன் த பீச்’, எங்கே நிற்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்பவருக்குப் பதில் சொன்னால் ‘அட் த பீச்’. இடத்தைப் பேசுபவர் எப்படிக் காண்கிறார் என்பதற்கேற்பவே சொல் மாறுகிறது. வாகனங்களுக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: உள்ளே எழுந்து நடக்கக்கூடிய பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ‘ஒன்’, குனிந்து ஏறி உட்காரும் காருக்கும் ஓட்டோவுக்கும் ‘இன்’. பயண முறையை மட்டும் சொல்வதானால், ‘த’ சேர்க்காமல் ‘பை பஸ்’ என்றால் போதும்.

காலத்தைக் குறிப்பது இதைவிட எளிது. மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது ‘இன் 1978’, ‘இன் நவம்பர்’; நாளைச் சொன்னால் ‘ஒன் 23 நவம்பர் 1978’. மணிக்கு ‘அட்’. காலைக்கும் மாலைக்கும் ‘இன் த’ வரும். இரவுக்குப் பொதுவாக ‘அட் நைட்’ என்பதே வழக்கு. ‘லாஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘எவ்ரி’ ஆகியவை நாளுக்கு முன் வந்தால் முன்னிடைச்சொல்லே வேண்டாம்.

அலுவலகக் கடிதங்களில் மிகுதியாகக் காணும் பிழை வேறொன்று. ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்’ என்பதைப் பலர் ‘விதின் ஃபிரைடே’ என்று எழுதுகிறார்கள். ‘பை ஃபிரைடே’ என்பதே சரி. ‘விதின்’ ஒரு கால அளவையே ஏற்கும்: ‘விதின் த்ரீ டேய்ஸ்’. வெள்ளி வரை கடை திறந்திருக்கும் என்றால், செயல் அதுவரை தொடர்வதால், ‘அன்டில் ஃபிரைடே’. இதைப் போலவே, 2015 இலிருந்து கல்முனையில் வசிப்பவர் ‘ஐ ஹாவ் லிவ்ட் இன் கல்முனை சின்ஸ் 2015’ என்று எழுத வேண்டும்; இங்கே ‘ஃப்ரொம்’ பொருந்தாது. பல வருடங்களாக என்று அளவைச் சொன்னால் ‘ஃபோர் மெனி இயர்ஸ்’.

‘ஆல்’ உருபும் இரு வழியாகப் பிரியும்: செய்தவருக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’. மீனவரால் வெட்டப்பட்ட மீன் ‘கட் பை எ ஃபிஷர்மன்’. கத்தியால் வெட்டினால் ‘வித் எ நைஃப்’.

சில வினைகளுக்குப் பின்னால் முன்னிடைச்சொல் எதுவும் வராது என்பதைத் தனியே மனத்தில் இருத்த வேண்டும். ‘ஆசிரியரிடம் கேட்டேன்’ என்பதில் ‘இடம்’ இருக்கிறதே என்று நம்மவர்கள் ‘ஆஸ்க்ட் ஃப்ரொம் த டீச்சர்’ என்கிறார்கள். ‘ஆஸ்க்ட் த டீச்சர்’ என்பதே முழு வடிவம். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’ வராது. மணம் செய்வதைக் குறிக்கும் ‘மரி’ என்ற ஆங்கில வினைக்குப் பின் ‘வித்’ வராது. மாறாக ‘லிஸன்’ என்பது ‘டு’வையும், ‘வெயிட்’ என்பது ‘ஃபோர்’ஐயும் கேட்கும். இவற்றுக்குப் பொது விதி தேடுவது வீண் உழைப்பு என்பதே என் கருத்து. ஐயம் வந்தால் அகராதியில் ‘டு’, ‘ஃபோர்’ ஆகியவற்றைத் தேடாமல் அந்த வினையைத் தேடி, அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தை முழுமையாகக் கொப்பியில் எழுதி, அதன் கீழே அதே அமைப்பில் உங்கள் ஊரைப் பற்றிய வாக்கியம் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.