சென்னைப் புழுக்கத்துக்கு ஒரு ‘டாக்டர் ஹூ’ மஃப்ளர்

‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரின் நாயகனான டாக்டர் வேடத்தில் 1974-இல் நான்காவது நடிகராக டாம் பேக்கர் வந்தபோது கழுத்தில் தொங்கிய அந்த நீள, பல நிறப் பட்டை மஃப்ளரில் கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. எல்லா வரிசையும் நேர்ப்பின்னல்தான் (நிட் ஸ்டிச்). ஆனால் கம்பளியில் போட்டால் நம்ம ஊரில் பத்தே நிமிடத்தில் கழுத்து அரிக்கும். பருத்தி நூல் 250 கிராம், 4 மி.மீ. ஊசி, 30 கண்ணி. சுமார் 14 செ.மீ. அகலம் வரும். 2 மீட்டரோடு நிறுத்துங்கள். பருத்தி கனம், தொங்கத் தொங்க இன்னும் இறங்கும்.

நிறம் மாற்றுவதில்தான் பலரும் சொதப்புவார்கள். ஒவ்வொரு பட்டையையும் இரட்டைப்படை வரிசையில் முடித்து, புது நிறத்தை முன்பக்கத்திலேயே தொடங்குங்கள். ஒற்றைப்படையில் முடித்தால் இரு நிறமும் கலந்த புள்ளிக்கோடு முன்பக்கம் பல்லிளிக்கும். முன்பக்கத்தில் ஒரு சேஃப்டி பின் குத்தி வைத்தால் குழப்பமில்லை. பட்டைகள் ஒரே அளவில் வேண்டாம்: 8 வரிசை, 24, 14 என்று கலைத்துப் போட்டால்தான் களை.

நூல் முனையை 15 செ.மீ. விட்டு, அதே நிறப் பட்டைக்குள் மழுங்கல் ஊசியால் கோத்து மறையுங்கள். வெறும் முடிச்சு துவைக்கும்போது அவிழும்.

கை வியர்த்து நூல் நகர மறுத்தால், மூங்கில் ஊசியை வைத்துவிட்டு உலோக ஊசியை எடுங்கள்.